பூட்டைத் திறந்த பாதிரியார்

சர்க்கார் பீரோவில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும் காகிதம் யாருடைய சொத்து?

கேள்வி சிறியது, தோழர்களே! ஆனால் அதற்கு நேரான விடை காண உலகத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. அரசனுடைய சொத்து என்றனர் அரண்மனையில் இருந்தோர். அமைச்சருடைய சொத்து என்றனர் மன்றத்தில் இருந்தோர். எங்கள் சொத்து என்றனர் சாவியைக் கையில் வைத்திருந்த அதிகாரிகள். வரி கட்டிய குடியானவனோ வாசலில் நின்றான். அவன் பணத்தில் வாங்கிய காகிதம், அவன் பணத்தில் வாங்கிய மை, அவன் பணத்தில் சம்பளம் பெறும் எழுத்தர், அவனைப் பற்றியே எழுதிய கணக்கு. எனினும் அதை அவன் மட்டும் பார்க்கக்கூடாது!

அவன் பார்க்கலாம், கேட்டால் காட்டவேண்டும், அதை அச்சிட்டு ஊருக்குச் சொன்னால் தடுக்கக்கூடாது என்று முதன்முதலில் சட்டம் செய்த நாடு சுவீடன். ஆண்டு 1766. பிரெஞ்சுப் புரட்சி வெடிப்பதற்கு 23 ஆண்டுகள் முன்பு! அந்தச் சட்டத்துக்காக முன்னின்று வாதாடியவர் மந்திரியல்லர், பிரபுவல்லர், பணமூட்டை மீது அமர்ந்த வணிகருமல்லர். பனிக்காட்டு மூலையில் ஒரு சிற்றூர்த் தேவாலயத்தில் உதவிப் பாதிரியாராக இருந்தவர். ஆண்டர்ஸ் சிடேனியஸ் என்பது அவர் பெயர். தகவல் அறியும் உரிமை என்று இன்று நாம் சொல்கிறோமே, அதன் வேரைத் தோண்டிப் பார்த்தால் இந்த மனிதரின் உழைப்பு தெரியும். அந்த உழைப்புக்கு அவர் பெற்ற கூலியும் தெரியும்.

தாரும் தரித்திரமும்

1729 பிப்ரவரி 26-ல் பின்லாந்தின் சோட்காமோ என்னும் ஊரில் பிறந்தார் சிடேனியஸ். பின்லாந்து அப்போது தனி நாடு அல்ல. சுவீடன் ஆட்சியின் ஒரு பகுதி. தந்தையும் பாதிரியார்தான். குடும்பம் பிறகு வடக்கே குஸாமோவுக்குக் குடிபெயர்ந்தது. ஆண்டில் பாதிக்குமேல் பனி மூடிக் கிடக்கும் பூமி அது. விளைச்சல் பொய்த்தால் மக்கள் மரப்பட்டையை இடித்து மாவோடு கலந்து ரொட்டி சுட்ட வட்டாரம். அந்த வறுமையைப் பார்த்து வளர்ந்தான் சிறுவன் ஆண்டர்ஸ்.

துர்க்கு நகரிலும் உப்சாலாவிலும் பல்கலைக்கழகப் படிப்பு முடித்தார். 1753-ல் நேடர்வெட்டில் என்னும் சிற்றூரில் உதவிப் பாதிரியார் ஆனார். வயது 24. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தோடு கடமை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. சதுப்பு நிலத்தைத் திருத்தி வயலாக்கினார். உருளைக்கிழங்கு பயிரிட்டுக் காட்டினார். அம்மை நோய் வாராதிருக்க அம்மைப்பால் குத்தினார். கண்புரைக்குச் சிகிச்சை செய்தார். நோயாளியின் வீட்டுக்குள் நுழைகிறவன் அந்த வீட்டின் அடுப்பையும் பார்க்கிறான் அல்லவா? அடுப்பு ஏன் எரியவில்லை என்ற கேள்வி அங்கேதான் அவருக்குப் பிறந்தது.

அந்த வட்டார மக்களின் பிழைப்பு தார் காய்ச்சுவது. பைன் மரத்தின் பட்டையை உரித்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, மரத்தை வெட்டிக் குழியிலிட்டுப் புகைய வைத்துத் தார் இறக்குவார்கள். அந்நாளில் கப்பல் எல்லாம் மரக்கப்பல். தார் பூசாத கப்பல் தண்ணீரில் நிலைக்காது. கடலை ஆண்ட நாடுகள் எல்லாம் பின்லாந்தின் தாருக்காகக் காத்து நின்றன. அப்படியானால் தார் காய்ச்சியவன் செல்வந்தனாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவன் வீட்டில் உப்புக்கும் பஞ்சம்!

ஏன்? சட்டம் அப்படி. பொத்னியா வளைகுடாவின் கரையிலிருந்த ஊர்கள் வெளிநாட்டுக்கு நேரே கப்பல் அனுப்பக்கூடாது. தார் பீப்பாய்கள் ஸ்டாக்ஹோம் போகவேண்டும். அங்கே வணிகர் வைத்தது விலை. வெளிநாட்டு உப்பும் அவர்கள் கை வழியே வரவேண்டும். அதற்கும் அவர்கள் வைத்ததே விலை. விற்கும்போது ஓர் அடி, வாங்கும்போது மறு அடி!

இந்தச் சட்டத்தால் லாபம் யாருக்கு, நட்டம் எவ்வளவு, இதை நீட்டிக்கச் சொல்லி வாதாடியவர் யார்? பாதிரியார் தேடினார். பதில் எல்லாம் தலைநகரின் அலமாரிகளில் இருந்தது. அலமாரிக்குப் பூட்டு இருந்தது.

தொப்பியும் குல்லாயும்

அக்காலச் சுவீடனில் ராஜா இருந்தார், அதிகாரம் இல்லை. ஆட்சி நான்கு வகுப்பார் கூடிய மன்றத்தின் கையில் இருந்தது. பிரபுக்கள், குருமார், நகர வணிகர், குடியானவர் என நான்கு பிரிவு. மன்றத்தில் இரண்டு கட்சிகள். ஒன்று தொப்பிக் கட்சி. போர்வீரர் அணியும் முக்கோணத் தொப்பி அதன் பெருமை. எதிர்க்கட்சியைத் தூங்குமூஞ்சிகள் என்று ஏளனம் செய்ய, இரவில் மாட்டும் குல்லாயின் பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பெயரே நிலைத்துக் குல்லாய்க் கட்சி ஆயிற்று.

தொப்பிக் கட்சி கால் நூற்றாண்டுக்கு மேல் ஆண்டது. வெற்றி இல்லாத போர்களில் இறங்கியது. காகித நோட்டை அச்சடித்துத் தள்ளியது. பெரிய ஆலை முதலாளிகளுக்கு மானியம் வாரி வழங்கியது. பண்டங்களின் விலை ஏறியது. இவ்வளவும் எப்படி முடிவாயிற்று? இரகசியக் குழு என்று ஒன்று இருந்தது. நாட்டின் பணமும் வெளிநாட்டு உறவும் அதன் கையில். பிரபுவுக்கு அதில் இடமுண்டு; குருவுக்கு உண்டு; வணிகனுக்கு உண்டு. குடியானவனுக்கு மட்டும் இடமில்லை! பிரான்சின் பணம் ஒரு கட்சிக்கும், ருஷ்யாவின் பணமும் இங்கிலாந்தின் பணமும் மறு கட்சிக்கும் பாய்ந்த காலம் அது. இருட்டறை இருந்தால் அங்கே என்னதான் நடக்காது?

அச்சகத்துக்கும் ஒரு பூட்டு இருந்தது. தணிக்கை அதிகாரி படித்து ஒப்புதல் தந்த பிறகுதான் நூல் வெளிவரும். 1759-ல் பீட்டர் போர்ஸ்கோல் என்னும் இளைஞர் குடிமக்கள் சுதந்திரம் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். பிரதிகளைப் பறிமுதல் செய்யக் கட்டளை பிறந்தது. உப்சாலாவில் அந்தப் பிரதிகளைத் திரட்டும் வேலை யார் தலையில் விழுந்தது தெரியுமா? உலகம் போற்றும் தாவர அறிஞர் லின்னேயஸ் தலையில்! அப்போது அவரே பல்கலைக்கழகத் தலைவர். போர்ஸ்கோலின் ஆசானும் அவரே. அந்த இளைஞர் பின்னர் ஆராய்ச்சிக் குழுவோடு அரேபியா சென்று, 1763-ல் ஏமன் நாட்டில் காய்ச்சலுக்குப் பலியானார். அவர் விதைத்த விதையை எடுத்து நட்டவர்களில் முதல்வர் சிடேனியஸ்.

1765-ல் மன்றம் கூடியது. குல்லாய்க் கட்சி வென்றது. அந்த மன்றத்துக்குத் தம் வட்டாரத்துப் பாதிரிமாரின் பிரதிநிதியாகச் சென்றார் சிடேனியஸ். ஒரு கையில் தார் காய்ச்சும் மக்களின் வழக்கு, மறு கையில் எழுதுகோல். பிரசுரத்துக்குமேல் பிரசுரம் எழுதினார். வணிகத் தடையின் தீமையைக் கணக்குப் போட்டுக் காட்டினார். அடம் ஸ்மித் தம் புகழ்பெற்ற பொருளாதார நூலை வெளியிட்டது 1776-ல். அதற்கு 11 ஆண்டுகள் முன்பே, எங்கே எவ்வளவு உழைப்பது என்பதைத் தடைச்சட்டத்தால் தீர்மானிக்காமல் மக்கள் விருப்பத்துக்கு விட்டால் நாடு வளரும் என்று சிறு நூலில் எழுதிவிட்டார் இந்தப் பாதிரியார். அதே 1765-ல் வாசா, கொக்கோலா, ஓலு முதலிய கரையோர ஊர்களுக்கு நேரே வெளிநாட்டு வாணிபம் செய்யும் உரிமை கிடைத்தது. தார் காய்ச்சியவன் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பு!

வேறொருவராக இருந்தால் அதோடு மாலையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார். சிடேனியஸ் திரும்பவில்லை. இந்த அநீதி இத்தனை காலம் நீடித்ததற்குக் காரணம், அது மூடிய அறையில் வளர்ந்தது என்று அவர் கண்டிருந்தார். ஒரு சட்டத்தை மாற்றினால் ஓர் அநீதி போகும். அறையையே திறந்துவிட்டால் அடுத்த அநீதி பிறக்கவே அஞ்சும். ஆகவே அச்சுச் சுதந்திரத்துக்கான கோரிக்கையை எழுதினார். அதை ஆராய அமைந்த குழுவில் அமர்ந்து, வரிக்கு வரி வாதாடி, சட்டத்தின் வடிவை உருவாக்கினார்.

அந்தச் சட்டம் சொன்னது இது: சமய நூல் தவிர மற்ற நூல்களுக்கு முன்தணிக்கை கிடையாது. நீதிமன்றத்தின் தீர்ப்பு, அதிகாரிகளின் கடிதப் போக்குவரத்து, மன்றத்தின் நடவடிக்கை ஆகியவற்றை யாரும் கேட்டுப் பெறலாம், படி எடுக்கலாம், அச்சிடலாம். காட்ட மறுக்கும் அதிகாரிக்குப் பதவி போகும். விதிவிலக்குகளும் இருந்தன. ஆயினும் காட்டுவது விதி, மறைப்பது விலக்கு என்று தலைகீழாய்த் திருப்பிப் போட்டார்களே, அதுதான் புதுமை!

சொந்தக் கட்சியின் சாட்டை

இனிமேல்தான், தோழர்களே, கதையின் கசப்பான பகுதி வருகிறது.

குல்லாய்க் கட்சி பதவி ஏறியது. முன்னவர் அச்சடித்த நோட்டுகளால் பணத்தின் மதிப்பு சரிந்திருந்தது. அதைப் பழைய மதிப்புக்கே ஏற்றிவிடுவது என்று கட்சி முடிவெடுத்தது. சிடேனியஸ் கணக்குப் போட்டார். இது விபரீதம் என்று கண்டார். மதிப்பு திடீரென ஏறினால் கடன்பட்டவன் மாள்வான், தொழில் முடங்கும், வேலை போகும். இப்போதிருக்கும் மதிப்பிலேயே பணத்தை நிலைநிறுத்துவதுதான் வழி என்று ஒரு பிரசுரம் எழுதி அச்சிட்டார்.

கட்சி என்ன செய்தது? கணக்கைச் சரிபார்த்ததா? எதிர்வாதம் எழுதியதா? இல்லை. மன்றம் எடுத்த முடிவை எதிர்த்து எழுதுவதா என்று சீறியது. 1766 கோடையில் அவருடைய சொந்த வகுப்பாரான குருமார் அவையே அவரை மன்றத்திலிருந்து வெளியேற்றியது. தொப்பிக் கட்சிக்காரன் அடித்திருந்தால் அது எதிரியின் அடி, தாங்கிக்கொள்ளலாம். இது தோளோடு தோள் நின்றவர்களின் அடி! எழுத்துச் சுதந்திரத்துக்குச் சட்டம் எழுதிக்கொண்டிருந்த மனிதர், எழுதிய குற்றத்துக்காகத் துரத்தப்பட்டார்!

அந்த ஆண்டு டிசம்பர் 2-ல் சட்டம் பிறந்தது. உலகின் முதல் தகவல் உரிமைச் சட்டம் அரங்கேறிய அன்று அதன் சிற்பி மன்றத்தில் இல்லை. சிற்றூருக்குத் திரும்பிப் பழையபடி வயலையும் நோயாளிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி அந்த மன்றத்தில் அமர அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

குல்லாய்க் கட்சிக்கு என்ன நேர்ந்தது? அவர் எச்சரித்ததே நேர்ந்தது. பணம் சுருங்கியது, வாணிபம் முடங்கியது, கடனாளி கதறினான். 1769-ல் கூடிய மன்றத்தில் கட்சி ஆட்சியை இழந்தது. எச்சரித்தவனை வெளியேற்றிவிடலாம். எச்சரிக்கையை வெளியேற்ற முடியுமா?

கட்சித் தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். எதிர்க்கட்சி ஆளும்போது கணக்கைக் காட்டு என்று முழங்குவது எளிது. நம்மவர் நாற்காலியில் அமர்ந்தபின் அதே கோரிக்கையை நம்மிடமே ஒருவன் வைக்கும்போது முகம் சுளிக்காமல் இருப்பதுதான் சோதனை. குல்லாய்க் கட்சி சட்டத்தை நிறைவேற்றியது; அந்தப் பெருமை அதற்கு உண்டு. ஆனால் சட்டத்தின் உயிரை அது தன் வீட்டுக்குள் அனுமதிக்கவில்லை. அதற்கு விலையும் கொடுத்தது.

கடைசி வரை

1770-ல் சிடேனியஸ் கொக்கோலாவின் தலைமைப் பாதிரியார் ஆனார். 1772-ல் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் படைபலத்தால் ஆட்சியைக் கைப்பற்றினார். மன்றத்தின் காலம் முடிந்தது. 1774-ல் அச்சுச் சட்டத்தைத் திருத்தினார் மன்னர். பெயர் இருந்தது, பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். எட்டு ஆண்டுகூட நிறையாத குழந்தைக்கு அந்தக் கதி!

பாதிரியார் சோர்ந்துவிட்டாரா? 1778-ல் மீண்டும் மன்றத்துக்கு வந்தார். இம்முறை வீட்டு வேலையாள், பண்ணையாள் ஆகியோரின் வழக்கை ஏந்தி வந்தார். நிலமில்லாத ஏழை எவனாவது ஓர் எசமானனிடம் கட்டாயம் வேலைக்குச் சேரவேண்டும், கூலிக்கு மேல்வரம்பு, அந்நாளைச் சட்டம் அது. உழைப்பவன் தன் எசமானனைத் தானே தேர்ந்துகொள்ளவும், தன் கூலியைத் தானே பேசிக்கொள்ளவும் உரிமை பெற்றவன் என்று எழுதினார் சிடேனியஸ். பண்ணையார்கள் பதறினர். கோரிக்கை அன்று ஏற்கப்படவில்லை. அடுத்து, வேற்று மதத்தைச் சேர்ந்த அயல்நாட்டார் தம் வழிபாட்டை நடத்த உரிமை வேண்டும் என்றார். அவர் சார்ந்த குருமார் வகுப்பே எதிர்த்தது. இதில் வெற்றி கிட்டியது. 1781-ல் மன்னரின் ஆணை வந்தது.

1803 பிப்ரவரி 1-ல், 73-ஆம் வயதில் கொக்கோலாவில் காலமானார். குழந்தை இல்லை. அவருடைய சட்டம் அப்போது முடங்கிக் கிடந்தது. தோற்றவராகத்தான் கண்ணை மூடினார் என்று எவரும் எண்ணியிருப்பர்.

காகிதம் உலகம் சுற்றியது

ஆனால் விதை மண்ணுக்குள் இருந்தது. 1809-ல் சுவீடன் தன் மன்னரை இறக்கிப் புது அரசியல் சட்டம் கண்டது. 1810-ல் அச்சுச் சுதந்திரச் சட்டமும், அதனோடு ஆவணங்களைக் காணும் உரிமையும் மீண்டன. 1949-ல் செய்த சட்டம் இன்றும் அந்நாட்டு அரசியல் அமைப்பின் தூண்களில் ஒன்று. சுவீடனில் ஒருவன் அரசு அலுவலகத்துக்குள் சென்று ஆவணம் கேட்டால், நீ யார், எதற்காகக் கேட்கிறாய் என்று வினவ அதிகாரிக்கு உரிமை இல்லை. பின்லாந்து தனி நாடாகி 1951-ல் தன் சட்டத்தைச் செய்தது. சிடேனியஸின் சட்டத்துக்குச் சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 1966-ல் அமெரிக்கா செய்தது. பிரிட்டன் 2000-ல்தான் சட்டம் இயற்றியது. அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2005-ல்.

பிரிட்டன் நமக்கு விட்டுச் சென்றது வேறு சட்டம். 1923-ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டம்! வெள்ளைக்காரன் போனான், அவன் பூட்டு போகவில்லை. அந்தப் பூட்டை அசைத்தவர்கள் யார்? ராஜஸ்தானத்தின் கூலித் தொழிலாளர்கள். அரசாங்க வேலையில் மண் சுமந்தவர்களுக்கு உரிய கூலி வரவில்லை. மஸ்டர் ரோலைக் காட்டு என்றார்கள். இரகசியம் என்றனர் அதிகாரிகள். கூலியாளின் பெயரும் கைநாட்டும் உள்ள காகிதம் அந்தக் கூலியாளுக்கே இரகசியமாம்! மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பாய்த் திரண்டு, 1994 முதல் ஊர்கூடிக் கணக்குக் கேட்டார்கள். 1996-ல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். 1997-ல் தமிழ்நாடு சட்டம் செய்தது. இந்திய மாநிலங்களில் அதுவே முதல். விதிவிலக்குகள் மலிந்த சட்டந்தான், ஆனாலும் முதல் அடி. 2005-ல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. மத்திய அரசின் அலுவலகத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில், 30 நாளுக்குள் பதில் என்பது அதன் ஏற்பாடு. இலங்கை 2016-ல் செய்தது. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இத்தகைய சட்டம் இருக்கிறது.

சட்டம் இருக்கிறது என்பதால் பூட்டுக்காரர்கள் ஓய்ந்துவிட்டார்கள் என்று எண்ணாதீர்கள். 1774-ல் குஸ்தாவ் மன்னர் செய்ததுபோல், பெயரை விட்டுவிட்டுப் பல்லைப் பிடுங்கும் வித்தை எல்லா நாட்டிலும் உண்டு. மேல்முறையீட்டைக் கேட்கும் ஆணையரின் பதவிக் காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசே தீர்மானிக்கும் என்று 2019-ல் இந்தியச் சட்டம் திருத்தப்பட்டது. தராசு பிடிப்பவன் கையை, நிறுக்கப்படுபவனே பிடித்துக்கொண்டால் எடை சரியாக வருமா?

போர்க்களத் திட்டமும் தனி மனிதனின் நோய்ச்சீட்டும் ஊரெல்லாம் படிக்கவேண்டியவை அல்ல. அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் சாலைக் கணக்கும், ரேஷன் கணக்கும், கூலிக் கணக்கும் எந்த எதிரியிடமிருந்து காக்கவேண்டிய இரகசியம்? மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்!

சிடேனியஸ் நமக்குச் சொல்லாமல் சொல்லிச் சென்ற பாடம் இரண்டு. ஏழையின் தட்டில் சோறு குறைவதற்கான காரணம், பெரும்பாலும் எங்கோ ஒரு பூட்டிய பீரோவில் எழுத்தாக இருக்கிறது. அதைத் தேடிச் செல். பூட்டைத் திறக்கச் சொல்லும் உரிமை, எதிரி ஆளும்போது மட்டும் ஏந்தும் ஆயுதம் அன்று. நம்மவர் ஆளும்போதும் அது நம் கையில் இருக்கட்டும்.

ஆகவே தோழர்களே, உங்கள் தெருவின் சாலைக்கு எத்தனை ரூபாய் ஒதுக்கப்பட்டது, உங்கள் மஸ்டர் ரோலில் எத்தனை பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். கேட்கப்படுபவர் நம் கட்சிக்காரராகவே இருந்தாலும் கேளுங்கள். நேர்மையாளர் நன்றி சொல்வார். சினப்பவர் யார் என்பதை ஊர் தெரிந்துகொள்ளும்.